தாராளமான தலைமை: நல்ல மனசுக்காரர்கள் தவறும் இடங்கள்

கெடுபிடி மேலாளர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இது, குழுவில் இருப்பவர்கள் நன்றாக வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றியது. பெரும்பாலும் எல்லாமே ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: தாராளமாகவும் இருக்க வேண்டும், தன் கையைவிட்டு எதுவும் போகவும் கூடாது.

பாராட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "கலக்கிட்டீங்க டீம்" என்று ஒரு வரி, கூடவே கைதட்டும் படம். ராத்திரி வரை உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்தவருக்கும் வேடிக்கை பார்த்தவருக்கும் ஒரே கைதட்டல். "அந்த பில்லில் வரி இரண்டு தடவை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தது நீங்கள்தான்" என்று சொல்ல வேண்டுமானால், அவர் செய்ததை நாம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தைச் செலவழிக்கத்தான் மனசு வருவதில்லை. மேலதிகாரி முன்னால் அவர் பெயரைச் சொல்வது இன்னும் கஷ்டம். அங்கே போனதும் பலருக்கு 'அவர்' என்பது 'நாங்கள்' ஆகிவிடுகிறது.

அடுத்தது, பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. "இனி இது முழுக்க உங்களுடையது" என்பார். ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு மெயிலும் முதலில் அவர் கண்ணில் பட வேண்டும். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இந்திய கிரிக்கெட் அணி பிரிஸ்பேன் டெஸ்டையும் தொடரையும் வென்ற பிறகு, கேப்டன் ரஹானே கோப்பையை நடராஜன் கையில் கொடுத்த படம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்கு முன்னால் அவர் கையில் பந்தைக் கொடுத்ததுதான். பயிற்சியில் மட்டும் பந்து போடும் நெட் பவுலராகப் போன நடராஜனுக்கும், கூடவே வாஷிங்டன் சுந்தருக்கும் அந்த மேட்ச்தான் டெஸ்ட் அறிமுகம். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். முன்னணி பந்துவீச்சாளர்கள் பலர் காயத்தில் இருந்ததால் வேறு வழியும் இல்லை, சரிதான். ஆனால் வேறு வழியில்லாதபோதுகூட பந்தைத் தராத தலைவர்களை நாம் பார்த்திருக்கிறோமே!

தோல்வி வரும்போது என்ன செய்வது? இதற்கு எல்லோரும் சொல்லும் கதை சதீஷ் தவானுடையது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் இஸ்ரோ தலைவரான தவான்தான் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து பழியை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியதும், பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்னது இது.

இதைக் கேட்டுவிட்டு, பழியை ஏற்றுக்கொண்டால் போதும் என்று முடிவுக்கு வருகிறார்கள். நடுவில் இருக்கும் பதினோரு மாதத்தை விட்டுவிடுகிறார்கள். என்ன பழுது என்று உள்ளே ஆராய்ந்தார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு என்று கண்டுபிடித்தார்கள். வெளியே காப்பாற்றிய கையோடு உள்ளே தவறை மூடி மறைக்கவில்லை. அதைவிடப் பெரிது, திட்டம் கலாமிடமே இருந்தது. நம் அலுவலகங்களில் "பழி என்னுடையது" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே சத்தமில்லாமல் அந்த ஆளை ஓரங்கட்டுவது சகஜம். அவருக்கு மட்டுமில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அது புரியும். அப்புறம் யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள்.

தவறைச் சொன்னால் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொள்வதும் இதே வகைதான். வருடம் முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு, மதிப்பீட்டுப் படிவத்தில் மட்டும் குறைகளை எழுதினால் அதற்குத் துரோகம் என்றுதான் பெயர். நோகாமல் காப்பாற்றியது தன்னைத்தான். அன்றைக்கே, தனியாகக் கூப்பிட்டு, இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு ரகம் ஊரான் வீட்டு நெய்யே ரகம். வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் "செய்துடலாம் சார்" என்று இவர் தலையாட்டிவிட்டு வருவார். சனிக்கிழமை வந்து உட்காருவது குழு. பிறகு பிரியாணி வாங்கித் தருவார். பிரியாணியைக் குறை சொல்ல முடியாது, ஆனால் யாருடைய சனிக்கிழமை என்று கேட்க வேண்டும்.

திணறுகிறவரிடமிருந்து வேலையைப் பிடுங்கித் தானே முடித்துக்கொடுப்பதையும் உதவி என்று நினைக்கிறார்கள். அவர் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் திணறுவார்.

கடைசியாக, கெட்டிக்காரரைப் போக விடாமல் பிடித்து வைப்பது. வேறு பிரிவில் பதவி உயர்வோடு இடம் வருகிறது. "நீங்கள் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது" என்கிறார் மேலாளர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அந்த ஆள் அதே நாற்காலியில் இருப்பார், இல்லையென்றால் வேறு கம்பெனியில் இருப்பார். உங்களுக்குக் கொஞ்ச காலம் சிரமம் இருக்கும், நிச்சயம். வேலையை ஒப்படைக்க ஒரு மாதம் கேளுங்கள், அந்தப் பிரிவின் தலைவரிடம் நீங்களே போய் அவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.