மூன்று மணி நேரம் தளராமல்: போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மூளைக் களைப்புக்குச் சில வழிகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. பாடம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட 140-ஆம் கேள்வியைத் தாண்டியதும் ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது எது’ என்று வாசித்துவிடுகிறார்கள். களைத்த மூளை முதலில் கோட்டைவிடுவது இப்படிப்பட்ட சின்னச் சொற்களைத்தான்.

வீட்டில் படிக்கும்போது அதே களைப்பு வேறு விதமாகத் தெரியும். ஒரே பத்தியை மூன்றாம் முறை வாசிப்பீர்கள். வரிக்கு வரி கோடு போடுவீர்கள், எதற்கு என்று தெரியாது. தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்க எழுவீர்கள். அப்போது பலரும் செய்வது, ‘இன்னும் அரை மணி நேரம்’ என்று தம் கட்டி உட்காருவது. அந்த அரை மணியில் மண்டையில் ஏறுவது மிகக் குறைவு. அதற்காகச் செலவாகும் தெம்போ அடுத்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். களைத்த பிறகு எழுவதைவிடக் களைக்கும் முன் எழுவது நல்லது.

நேரத்தைத் துண்டு போடுவது

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற ‘பொமோடோரோ’ முறையை 1980-களின் இறுதியில் இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கினார். தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தால் வந்த பெயர் அது. படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்கள் இதில் தொடங்கலாம். ஆனால் 25 நிமிடத்திலேயே நின்றுவிட்டால் மூன்று மணி நேரத் தேர்வுக்கு உடம்பு பழகாது. முதல் வாரம் 25-க்கு 5, அடுத்த இரண்டு வாரம் 40-க்கு 8, பிறகு 50-க்கு 10 என்று கூட்டுங்கள். மூன்று துண்டு முடிந்ததும் அரை மணி நேர ஓய்வு. ஞாயிறுதோறும் காலை 9.30 முதல் 12.30 வரை, இடையில் எழாமல், ஒரு முழு மாதிரித் தேர்வு. உண்மையான தேர்வு நடக்கும் நேரத்திலேயே எழுதுவதுதான் முக்கியம். இரவு எட்டு மணிக்கு எழுதிப் பார்ப்பதில் அந்தப் பழக்கம் வராது.

துண்டு தொடங்கும் முன் ஒரு காகிதத்தில் வேலையை எழுதுங்கள். ‘அரசியலமைப்பு படிக்கணும்’ என்று எழுதினால் மனம் அலையும். ‘அடிப்படை உரிமைகள், சரத்து 12 முதல் 35 வரை’ என்று எழுதினால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். கடைசி 8 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். கவனம் சிதறாமல் இருக்கவும் இது உதவும்: சும்மா வாசிக்கும்போது மனம் தாராளமாக வெளியே போய்வரும், எழுதும்போது அதற்கு வழியில்லை.

பக்கத்தில் இன்னொரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். ‘கேஸ் புக் பண்ணணும்’, ‘அண்ணனுக்குப் போன்’ என்று நடுவே வரும் நினைப்பையெல்லாம் அதில் ஒரு வார்த்தையாகக் குறித்துவிட்டுப் படிப்புக்குத் திரும்புங்கள். எழுதிவைத்ததை மனம் நச்சரிப்பது குறையும்.

ஓய்வு என்று நினைத்து செய்வது

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். பத்து நிமிட இடைவேளையில் ரீல்ஸ் பார்த்தால் கண்ணும் கவனமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. புத்தகத்துக்குத் திரும்பிய பிறகும் மனதின் ஒரு பகுதி பார்த்த காட்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். போனை அடுத்த அறையில் வையுங்கள், நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். பாடக்குறிப்பே போனில்தான் இருக்கிறது என்றால் அன்றைய பகுதியை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தரவிறக்கிவிட்டு ஃப்ளைட் மோடில் போடுங்கள். இடைவேளையில் மொட்டை மாடியில் நடங்கள், தூரத்து மரத்தைப் பாருங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், முகம் கழுவுங்கள். யோசிக்கத் தேவையில்லாத, கண் தூரம் பார்க்கும் வேலை எதுவானாலும் சரி.

மதியமும் காபியும்

மதியம் 1 முதல் 3 வரை தூக்கம் சொக்குவது சோற்றால் மட்டும் அல்ல, உடலின் கடிகாரமே அப்போது தாழ்கிறது. நிறையச் சோறு அதை இன்னும் கூட்டும். இரண்டு கரண்டியைக் குறைத்துக் காய், பருப்பு, முட்டையைக் கூட்டுங்கள். அந்த நேரத்தில் வரலாறு வாசித்தால் தூக்கம்தான் வரும். கையால் போடும் கணக்குகளை, தனிவட்டி, மீ.சி.ம., விகிதம் போன்றவற்றை, அங்கே வையுங்கள்.

முடிந்தால் 20 நிமிடம் தூங்குங்கள், அலாரம் வைத்து. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் எழ நேர்ந்து தலை கனக்கும். படுக்கும் முன் ஒரு காபி குடித்தால் அதன் வேலை தொடங்குவதும் நீங்கள் எழுவதும் ஒன்றாக அமையும். மாலை நாலு மணிக்குப் பிறகு இந்தக் குட்டித் தூக்கம் வேண்டாம்.

காபி களைப்பைப் போக்குவதில்லை. மூளைக்குக் களைப்பைச் சொல்லும் அடினோசினின் இடத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி வெளியேறச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கும். கடைசிக் கோப்பை 3 மணிக்குள் முடியட்டும்.

இரவு விழித்துப் படிப்பவர்கள் கவனிக்க: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05% மது உள்ளவருக்கு இணையாகக் குறைந்ததை 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03% தான். படித்தது நினைவில் படிவதும் தூக்கத்தில்தான். 7 மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

எதுவும் பலிக்காவிட்டால்

இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும் களைப்பு போகவில்லையென்றால் பழியை மனஉறுதி மேல் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13-க்கும் கீழே இருந்தால் இரத்தசோகை. நம் பெண்களில் பலருக்கு இது இருக்கிறது. ‘படிக்கச் சோம்பல்’ என்று வீட்டில் திட்டு வாங்குபவர்களிலும் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறு உதவும். ஞாபகசக்தி மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்தே இருந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தேர்வு அறையில்

25 கணக்குக் கேள்விகளைக் கடைசி அரை மணிக்கு விடாதீர்கள், தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்திலேயே முடியுங்கள். 50 கேள்விக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு, கண்ணை மூடி, உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூன்று மூச்சு வெளியே விடுங்கள். 20 விநாடிதான் ஆகும். 140-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு கேள்வியின் கடைசி வரியிலும் விரலை வைத்து வாசியுங்கள். ‘தவறானது’, ‘பொருந்தாதது’ எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.