வேலை முடிந்ததும் கணினி தானாகத் தூங்க, ஸ்கிரிப்டில் என்ன எழுதுவது?

ராத்திரி பதினொரு மணிக்கு போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப் போட விட்டுவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். அது ஒன்றரைக்கோ இரண்டுக்கோ முடிந்துவிடும். அப்புறம் காலை ஏழு மணி வரைக்கும் ஃபேன் சுற்றிக்கொண்டு, யாருக்கும் பயனில்லாமல் கரண்டைத் தின்றுகொண்டு நிற்கும். ஷட்டவுன் போடலாம்தான், ஆனால் காலையில் வந்து பார்த்தால் திறந்து வைத்திருந்த அத்தனை ஜன்னலும் போயிருக்கும். வேண்டியது ஸ்லீப். அதுவும் வேலை முடிந்த கையோடு, ஸ்கிரிப்டின் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஃபைலின்) கடைசி வரியாக.

ஒரு வரி வேலைதானே என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஒரு வரியைச் சரியாக எழுத எனக்கு நாலு மாசம் ஆனது.

ஒரு விஷயம்: கட்டளைகளைப் போனில் சொல்லுகிற மாதிரி, ஒலிப்பை வைத்துத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். எழுத்து குழப்பக்கூடிய இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

தேடும்போதே ஒரு குழி இருக்கிறது. ‘ஸ்லீப்’ என்று தேடினால் லினக்ஸில் ஸ்லீப் 60, பவர்ஷெல்லில் (விண்டோஸோடு வரும் கட்டளை மொழி) ஸ்டார்ட்-ஸ்லீப் என்றுதான் முதலில் வரும். அவை ஸ்கிரிப்டை மட்டும் அத்தனை நொடி நிறுத்தி வைப்பவை. தூங்குவது ஸ்கிரிப்ட்தான், கணினி முழித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஸ்லீப் வேறு, ஹைபர்னேட் வேறு. ஸ்லீப்பில் எல்லாம் ராமிலேயே (தற்காலிக நினைவகம்) இருக்கும், ராமுக்கு மட்டும் துளி கரண்ட் போய்க்கொண்டிருக்கும், ஒரு விசையைத் தட்டினால் சில நொடியில் எழுந்துவிடும். ஹைபர்னேட்டில் ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். முன்னதற்கு எஸ்3 என்றும் பின்னதற்கு எஸ்4 என்றும் பெயர். பார்த்தே கண்டுபிடிக்கலாம்: நிறைய டெஸ்க்டாப்புகளில் ஸ்லீப்பில் இருந்தால் பவர் பட்டன் விளக்கு மெதுவாக மூச்சு விடுவதுபோல எரிந்து அணையும், ஹைபர்னேட்டில் விளக்கே இருக்காது. உங்கள் விண்டோஸ் கணினிக்கு எதெல்லாம் முடியும் என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டில்:

பவர்சிஎஃப்ஜி /ஏ

மேலே வருபவை இருப்பவை, கீழே வருபவை இல்லாதவை, ஏன் இல்லை என்ற காரணத்தோடு. இதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். புது லேப்டாப் பலவற்றில் எஸ்3 இருக்காது, எஸ்0 லோ பவர் ஐடில் என்று ஒன்று இருக்கும். போன் மாதிரி அரைத் தூக்கம் அது.

இனி, விண்டோஸுக்கு எங்கே பார்த்தாலும் கிடைக்கிற அந்தப் பிரபலமான வரி:

ரன்டிஎல்எல்32.எக்ஸ்ஈ பவர்ப்ராஃப்.டிஎல்எல்,செட்சஸ்பெண்ட்ஸ்டேட் 0,1,0

(பவர்ப்ராஃப் என்பதில் வரும் பவருக்கு ‘ஈ’ கிடையாது. பி, ஓ, டபிள்யூ, ஆர்.) முதல் 0 என்றால் ஹைபர்னேட் வேண்டாம், அடுத்த 1 என்றால் கட்டாயப்படுத்து, கடைசி 0 என்றால் எழுப்பும் வசதியை அணைக்காதே என்று விளக்கமும் கூடவே இருக்கும். படிக்க ரொம்ப நியாயமாக இருக்கும். நானும் அப்படியே எடுத்து ஒட்டினேன். காலையில் விசைப்பலகையைத் தட்டினால் ஒன்றும் நடக்காது, பவர் பட்டனை அழுத்த வேண்டும், அப்புறம் அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். பழைய கணினி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தால் பவர் பட்டனில் விளக்கே இல்லை. இத்தனை நாளாக அது தூங்கவே இல்லை, ஹைபர்னேட் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் இதுதான். ரன்டிஎல்எல்32 எந்தச் செயலையும் அதன் விருப்பப்படி கூப்பிடாது. தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது: முதலில் ஒரு ஜன்னலின் கைப்பிடி எண், அடுத்து நிரலின் கைப்பிடி எண், மூன்றாவதாக நீங்கள் தட்டிய எழுத்துகள் நினைவகத்தில் இருக்கும் முகவரி. நீங்கள் தட்டிய 0,1,0 எண்களாகப் போய்ச் சேருவதே இல்லை. செட்சஸ்பெண்ட்ஸ்டேட்டோ முதலில் வருவதை ‘ஹைபர்னேட் வேண்டுமா?’ என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் இல்லாத எதுவாக இருந்தாலும் அதற்கு ‘ஆமாம்’தான். மூன்றாவது இடத்திலும் இதே கதை, எழுப்பும் வசதியை அணைக்கவா என்றால் அதற்கும் ‘ஆமாம்’. ‘டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் விண்டோஸ் வசதி) நேரம் வைத்தும் எழ மாட்டேன் என்கிறதே’ என்று புலம்புகிறவர்களுக்கு முதலில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ஹைபர்னேட்டையே அணைத்துவிடுவது: பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆஃப். வேலை செய்யும். கூடவே விண்டோஸைச் சீக்கிரம் திறக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும், கரண்ட் போனால் காப்பாற்றவும் ஆள் இருக்காது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

சரியான வழி பவர்ஷெல். நோட்பேடில் இரண்டு வரி:

ஆட்-டைப் -அசெம்ப்ளிநேம் சிஸ்டம்.விண்டோஸ்.ஃபார்ம்ஸ்
[சிஸ்டம்.விண்டோஸ்.ஃபார்ம்ஸ்.அப்ளிகேஷன்]::செட்சஸ்பெண்ட்ஸ்டேட்('சஸ்பெண்ட்', $ஃபால்ஸ், $ஃபால்ஸ்)

தூங்கு.பிஎஸ்1 மாதிரி ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். இங்கே மூன்று மதிப்பும் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போகும். ‘சஸ்பெண்ட்’ என்ற இடத்தில் ‘ஹைபர்னேட்’ என்று போட்டால் ஹைபர்னேட். கடைசி ஃபால்ஸ் முக்கியம், அதை ட்ரூ ஆக்கினால் டைமர் வைத்து எழுப்ப முடியாது. பெயர் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை: பேட்ச் ஃபைலுக்கு (கமாண்ட் ப்ராம்ப்ட் கட்டளைகள் வைக்கும் ஃபைல்) ஷட்டவுன்.பேட் என்று பெயர் வைத்து, உள்ளே ஷட்டவுன் என்று எழுதினால், அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் ஓடும். நண்பர் ஒருவர் செய்திருக்கிறார். (சரி, நண்பர் இல்லை, நான்தான்.)

இப்போது பேக்கப்பும் தூக்கமும் சேர்ந்த பேட்ச் ஃபைல்:

ரோபோகாப்பி டி:\போட்டோ ஈ:\பேக்கப் /ஈ /ஆர்:2 /டபிள்யூ:5
இஃப் எரர்லெவல் 8 கோட்டு தப்பு
டைம்அவுட் /டி 60
பவர்ஷெல் -எக்ஸிக்யூஷன்பாலிசி பைபாஸ் -ஃபைல் சி:\ஸ்கிரிப்ட்\தூங்கு.பிஎஸ்1
எக்ஸிட் /பி
:தப்பு
பாஸ்

(டிரைவ் பெயரில் வரும் டி, டெல்லிக்கு வரும் டி; டைம்அவுட்டில் வரும் டி, டைமுக்கு வரும் டி. பாஸ் என்பது பி, ஏ, யூ, எஸ், ஈ.) ஒவ்வொரு வரியும் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் வரியில் ரோபோகாப்பி விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை, ஆர் என்பது எத்தனை முறை திரும்ப முயல்வது, டபிள்யூ என்பது நடுவே எத்தனை நொடி காத்திருப்பது. இவற்றைப் போடாவிட்டால் ரோபோகாப்பியின் இயல்பு என்ன தெரியுமா? பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 நொடி. ஏதோ ஒரு ஃபைலை வேறு நிரல் பிடித்து வைத்திருந்தால் போதும், உங்கள் கணினி அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த வருஷமும் தூங்காது.

இரண்டாவது வரி இன்னும் வேடிக்கை. பொதுவாக ஒரு கட்டளை 0 திருப்பித் தந்தால் வெற்றி, வேறு எது தந்தாலும் தோல்வி. அந்த நம்பிக்கையில் இரண்டு ஆம்பர்சண்ட் குறி போட்டு, ‘இது சரியாக முடிந்தால் அதைச் செய்’ என்று எழுதுவோம். ரோபோகாப்பியிடம் அது பலிக்காது. நகலெடுக்க ஒன்றுமே இல்லை என்றால்தான் 0 தரும், ஒழுங்காக நகலெடுத்துவிட்டால் 1. அதாவது வேலை நடந்த ராத்திரியில் கணினி முழித்திருக்கும், வேலையே இல்லாத ராத்திரியில் சமர்த்தாகத் தூங்கும். தோல்வி என்பது 8-இலிருந்து ஆரம்பம், ‘எரர்லெவல் 8’ என்றால் 8 அல்லது அதற்கு மேல் என்று அர்த்தம். தப்பு நடந்தால் தூங்காமல், ஜன்னலை மூடாமல் நிற்கட்டும், காலையில் என்ன ஆனது என்று படிக்கலாம்.

டைம்அவுட் வரி, நீங்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் தடுக்க ஒரு நிமிஷ அவகாசம். ஆனால் அந்த ஜன்னலில் ஏதோ ஒரு விசையைத் தட்டினால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், காத்திருப்புதான் முடியும், உடனே தூங்கப் போய்விடும். நிறுத்த கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்த வேண்டும், நிறுத்தவா என்று கேட்டால் ஒய். எக்ஸிட் வரி எதற்கு என்றால், கணினி காலையில் எழுந்ததும் ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வரி இல்லாவிட்டால் நேராகத் தப்பு பகுதிக்குள் போய் விழும், நீங்களும் காலையில் பாஸ் செய்தியைப் பார்த்து பேக்கப் கெட்டுவிட்டது என்று பதறுவீர்கள்.

எஸ்3 இல்லாத லேப்டாப்பா? நான் அதில் மல்லுக்கட்டுவதில்லை, பவர்ஷெல் வரியை எடுத்துவிட்டு ஷட்டவுன் /எச் என்று ஹைபர்னேட் போட்டுவிடுவேன். இதோடு நேரம் குறிக்கும் /டி சேராது, அதனால் டைம்அவுட் வரி தனியாக இருக்கட்டும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப், அடிக்கடி கரண்ட் போகிற ஏரியா என்றாலும் ஹைபர்னேட்தான் நல்லது. ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் ராமில் இருந்தது அத்தனையும் போச்சு.

எழுப்புவதற்கு டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க் உருவாக்கி, கண்டிஷன்ஸ் பகுதியில் கணினியை எழுப்பி இதை ஓட்டு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களுக்கு அனுமதியும் வேண்டும். நீங்கள் எழுப்பாமலே எழுந்துகொள்கிறது என்றால் பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக் என்று தட்டினால் யார் எழுப்பியது என்று சொல்லும். பெரும்பாலும் மவுஸ்தான் குற்றவாளி. மேஜை லேசாக ஆடினாலே எழுந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் எழுப்பும் உரிமையை எடுத்துவிடுங்கள்.

லினக்ஸில் இவ்வளவு கூத்து இல்லை. சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகிக்கும் அடிப்படை நிரல்) இருக்கும் விநியோகம் (லினக்ஸ் வகை) என்றால்:

சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்

அவ்வளவுதான். லினக்ஸின் நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் ஒழுங்காக வெற்றிக்கு 0 தருவதால், அதற்குப் பின்னால் இரண்டு ஆம்பர்சண்ட் குறி போட்டு இதை எழுதிவிடலாம். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஓட்டினால் கடவுச்சொல் கேட்கலாம், அப்போது முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டுவது) சேருங்கள். கிரான் (குறித்த நேரத்தில் ஓட்டும் வசதி) மூலம் ஓட்டுவதானால் ரூட்டின் (நிர்வாகியின்) கிரான்டேபில் போட்டுவிடுங்கள்.

நடுவில் டெஸ்க்டாப்பே சும்மா இருக்கிறதென்று நினைத்துத் தூங்கிவிட்டால்? பேக்கப் பாதியில் நிற்கும். அதற்கு, நீண்ட வேலைக்கு முன்னால் சிஸ்டம்டி-இன்ஹிபிட் --வாட்=ஸ்லீப் என்று சேர்த்து ஓட்டுங்கள், அந்த வேலை முடியும்வரை தூக்கத்துக்குத் தடை. ஆனால் சஸ்பெண்ட் வரியும் சேர்ந்த முழு ஸ்கிரிப்டையே இதற்குள் வைத்து ஓட்டினீர்கள் என்றால், கடைசி வரியை உங்கள் தடையே தடுக்கும். ஆர்சிங்க் வரிக்கு மட்டும் போடுங்கள்.

காலையில் எழ வைக்க ஆர்டிசிவேக் இருக்கிறது. ‘-எம் மெம் -எஸ் 28800’ என்றால் இப்போதே தூங்கு, 8 மணி நேரம் கழித்து எழு. நான் அப்படிப் போடுவதில்லை. அது சிஸ்டம்டியைக் கேட்காமல் நேராகக் கெர்னலிடம் (லினக்ஸின் மையக் கரு) போய்விடும், தூங்குமுன் ஓட வேண்டிய சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எதுவும் ஓடாது. ‘-எம் நோ’ என்று போட்டு அலாரத்தை மட்டும் வைத்துவிட்டு, அடுத்த வரியில் சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட் எழுதுவதே ஒழுங்கு.

மேக்கில் பிஎம்செட் ஸ்லீப்நவ், சூடோகூட வேண்டாம். தூங்கவிடாமல் வைக்க வேண்டுமென்றால் வேலைக்கு முன்னால் கஃபினேட் -ஐ. தினமும் எழுப்ப பிஎம்செட் ரிப்பீட் (இதற்கு சூடோ வேண்டும்), அதில் கிழமைகள் எம், டி, டபிள்யூ, ஆர், எஃப், எஸ், யூ. வியாழனுக்கு ஆர், ஞாயிறுக்கு யூ.

கடைசியாக, எதைச் செய்தாலும் சோதிக்கும்போது ஒன்று நடக்கும். கட்டளையைத் தட்டி என்டரை அழுத்துவீர்கள், திரை அணையும், உடனே திரும்ப எரியும். ஸ்கிரிப்டைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் குடையாதீர்கள். என்டரிலிருந்து விரலை எடுத்ததையே ‘எழுந்திரு’ என்று எடுத்துக்கொண்டிருக்கும். முன்னால் மூன்று நொடி காத்திருக்கும் வரி ஒன்றைப் போட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். இங்கேதான் நான் ஆரம்பத்தில் திட்டிய அந்த லினக்ஸ் ஸ்லீப் உதவுகிறது: முதலில் ஸ்லீப் 3, அப்புறம் சஸ்பெண்ட்.