சென்னை – சிங்கப்பூர்: தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

பாம்பனில் இருபது வருடம் விசைப்படகு ஓட்டியவன் நான். ஜிபிஎஸ்ஸில் டிகிரி பார்த்துத்தான் கடலில் இடம் பிடிப்போம். அக்கா மகன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பியபோது விமானத்துக்கும் அதே கணக்கைப் போட்டேன்.

ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். சென்னை விமான நிலையம் வடக்கே 13 டிகிரி, கிழக்கே 80.2. சிங்கப்பூர் சாங்கி வடக்கே 1.4, கிழக்கே 104. வடக்கு தெற்காக வித்தியாசம் 11.6, கிழக்கு மேற்காக 23.8. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 26.5 டிகிரி வரும். அதை 111ஆல் பெருக்கினால் சுமார் 2,940 கிலோமீட்டர். உண்மையான தூரம் 2,900ஐ ஒட்டியது. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகக் கிழக்கு மேற்கு டிகிரி கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் இந்த வித்தியாசம். நம் பக்கத்துக்கு இந்தக் கணக்கு போதும். டெல்லி, டோக்கியோ என்று வடக்கே போனால் சரிப்படாது.

விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். மூன்றரை மணி நேரத்துக்குள் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க அரை மணிக்கு மேல் சேருங்கள். ஆக, நாலு மணி நேரம் சொச்சம். இன்னொன்று: ஆனி, ஆடியில் நமக்கு மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது, வெகு உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. கீழே கச்சான், மேலே கொண்டல் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டிக்கெட்டில்தான் கவனம் வேண்டும். புறப்படும் நேரம் சென்னை நேரம், சேரும் நேரம் சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். (1982க்கு முன்பு போனவர்கள் இரண்டு மணி என்பார்கள். அந்த வருடம் ஜனவரியில் அவர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள்.) இரவு 11.15க்குக் கிளம்பி விடிகாலை 5.55க்குச் சேரும் என்றிருந்தால், 6 மணி 40 நிமிடப் பயணம் போலத் தெரியும். இரண்டரையைக் கழியுங்கள், 4 மணி 10 நிமிடம்தான். வரும்போது இரண்டரையைக் கூட்ட வேண்டும்.

அக்கா அதைக் கழிக்கவில்லை. ஆறு மணிக்கு எழுந்தால் போதும் என்று போனைச் சார்ஜில் போட்டுத் தூங்கிவிட்டாள். பிள்ளை நம் நேரம் மூன்றே முக்காலுக்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறான். முதல் தடவை வெளிநாட்டு மண்ணில் நின்று கூப்பிட்ட பிள்ளைக்கு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம், வீட்டிலிருந்து கணக்குப் போடுங்கள். நம் கரையிலிருந்து எழும்பூருக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம், அங்கிருந்து மின்சார ரயிலில் விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலம், விமானத்துக்கு மூன்று மணி முன்பே உள்ளே. ரயில் தாமதமாகலாம், அதனால் ராத்திரி விமானமாகப் பாருங்கள். காலை விமானம் என்றால் முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். பிள்ளை இறங்கும் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, சமையல்கட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.