டிஸ்க் நிரம்பினால் எது நிற்க வேண்டும்: சர்வரா, தணிக்கைப் பதிவா?

யார் நுழைந்தார்கள், எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதைத் தணிக்கைப் பதிவு எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுத இடம் தீர்ந்துவிட்டால் இரண்டு வழிகள்தான். பதிவில்லாமல் சேவை தொடரலாம். அல்லது சர்வரே நின்றுவிடலாம். நீங்கள் முடிவெடுக்காவிட்டால், கணினியோடு வந்த அமைப்பு அந்த முடிவை எடுத்துவிடும். என் பொறுப்பில் இருந்த ஒரு சர்வரில் அப்படித்தான் ஆயிற்று. வேறு கோப்புகள் டிஸ்கை அடைத்துவிட, பதிவு ஓசையில்லாமல் நின்றுபோனது. பதினொரு நாள் கழித்து ஒருவர் விவரம் கேட்டபோதுதான் கவனித்தேன். அந்த நாட்களில் நடந்தது எதுவும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

லினக்ஸில் தணிக்கைப் பதிவை எழுதும் 'ஆடிட்-டி' சேவையை வைத்துச் சொல்கிறேன். கீழே மேற்கோளில் வரும் அமைப்புப் பெயர்களை அதன் அமைப்புக் கோப்பில் ஆங்கிலத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

1. முடிவை எழுதி வையுங்கள்

நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் சர்வர் நிற்கவே கூடாது. டிஜிட்டல் கையெழுத்துச் சாவிகளைக் காக்கும் சர்வர் பதிவில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடக் கூடாது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரி போதும். சேவைக்குப் பொறுப்பானவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

2. தனிப் பார்டிஷன் ஒதுக்குங்கள்

பார்டிஷன் என்பது டிஸ்கில் தனியாகப் பிரித்துவைத்த பகுதி. அது பதிவுக் கோப்புறைக்கு மட்டும். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

3. கணக்குப் போடுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் அளந்து, அதிகம் எழுதிய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது 300 மெகாபைட் என்று வைப்போம். பொதுவாக நிறுவலோடு வரும் அமைப்பில் ஒரு கோப்புக்கு 8 மெகாபைட், மொத்தம் 5 கோப்புகள். ஆக 40 மெகாபைட். அது நிரம்பினால் பழைய கோப்பு அழிக்கப்படும். மூன்றேகால் மணி நேரத்துக்கு முந்தைய பதிவு அழிந்துவிடும்! ஊடுருவியவன் பொய்யான நுழைவு முயற்சிகளைக் கொட்டினால் இன்னும் விரைவாகத் தன் தடயத்தை மறைத்துவிடுவான். 'மேக்ஸ் லாக் ஃபைல் ஆக்‌ஷன்' என்பதற்கு 'கீப் லாக்ஸ்' கொடுத்தால் பழையவை அழியாது. அவற்றை வேறிடத்துக்கு நகர்த்துவது உங்கள் வேலையாகிவிடும். 30 நாட்களுக்கு 9 ஜிகாபைட் வேண்டும். நான் இருமடங்கு ஒதுக்குவேன்.

'ஸ்பேஸ் லெஃப்ட்' என்பது எச்சரிக்கை எல்லை. அது வழக்கமாக 75 மெகாபைட். நம் கணக்கில் ஆறு மணி நேரம். வெள்ளி இரவு எச்சரிக்கை வந்தால் சனி விடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். மூன்று நாள் விடுமுறையைத் தாங்க 900 வையுங்கள்; செயலாக 'ஈமெயில்' கொடுங்கள்.

4. கடைசிச் செயலைத் தேர்ந்தெடுங்கள்

'டிஸ்க் ஃபுல் ஆக்‌ஷன்' என்பதில் 'சஸ்பெண்ட்' கொடுத்தால் பதிவு நிற்கும், சேவை ஓடும். 'ஹால்ட்' கொடுத்தால் சர்வரே அணைந்துவிடும். 'ஹால்ட்' பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் பதிவுகளைப் பெருக்கியே உங்கள் சேவையை முடக்கும் வழியை எதிரிக்குத் திறந்துவிடுகிறது. சாவிகளைக் காக்கும் சர்வர் போன்ற சிலவற்றுக்கே அதை வைப்பேன். 'சஸ்பெண்ட்' வைத்தவர்கள் கவனிக்க: இடத்தைக் காலி செய்தாலும் பதிவு தானாகத் தொடங்காது. மீண்டும் எழுதும்படி சேவைக்கு ஆணையிட வேண்டும்.

விண்டோஸிலும் பதிவு எழுத முடியாதபோது கணினியை நிறுத்தும் கொள்கை உண்டு. அப்படி நின்ற பிறகு, நிர்வாகி வந்து சரிசெய்யும்வரை மற்றவர்கள் உள்ளே நுழைய முடியாது.

5. இன்னொரு சர்வருக்கு நகல் அனுப்புங்கள்

அதன் நிர்வாகக் கடவுச்சொல் வேறாக இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் வரிசையில் காத்திருந்து பிறகு அனுப்பும் வசதியையும் இயக்குங்கள்.

6. நிரப்பிப் பாருங்கள்

சோதனைச் சர்வரில் அந்தப் பார்டிஷனுக்குள் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, 900 மெகாபைட்டுக்குக் கீழே இடத்தைக் குறையுங்கள். மின்னஞ்சல் வந்ததா? வேலையை விட்டுப் போனவரின் பெட்டிக்குப் போகவில்லையே? பிறகு முழுவதும் நிரப்பி, நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வரிப்படி நடக்கிறதா என்று பாருங்கள். கோப்பை நீக்கி, பதிவைத் தொடரச் செய்து, புதிய வரி ஒன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்திருங்கள்.