கோயில் திடல்ல கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னா எந்த ட்வீட்டர் வாங்கணும்? புதுசா பாக்ஸ் கட்டுறவங்களுக்கு

தைப்பூச காவடி நெருங்கினா தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் பக்கம் இருக்கிற பாதி கோயில்ல சவுண்டு சிஸ்டம் பேச்சுதான். வூஃபருக்கு, அதாவது தடிச்ச சத்தம் (பாஸ்) போடுற பெரிய ஸ்பீக்கருக்கு, எல்லாரும் தாராளமா காசு எடுத்து வைப்பாங்க, 15 இஞ்ச்சா 18 இஞ்ச்சான்னு பெரிய விவாதமே நடக்கும். மெல்லிசான கீச்சு சத்தம் (ட்ரெபிள்) போடுற சின்ன ஸ்பீக்கர் தான் ட்வீட்டர், அதுன்னு வரும்போது மட்டும் கடையில எது கைக்கு கிடைச்சுதோ அத வாங்கி மாட்டிடறாங்க. அப்புறம் என்ன ஆகும், பின்னாடி நிக்கிறவங்களுக்கு தவிலோட அடி மட்டும் வந்து சேரும், தாளத்தோட கிணுகிணுப்பு வராது, சலங்கை வராது, மைக்ல பூசாரி என்ன சொல்றாருன்னு புரியாது. வார்த்தை புரியறதுக்கு காரணமே ச, ஸ, த, க மாதிரி மெய்யெழுத்து சத்தம்தான், அதுல முக்கால்வாசி சுமார் 2 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தான் இருக்கு (ஹெர்ட்ஸ்னா நொடிக்கு எத்தன அதிர்வுங்கறது, ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ்). அதனால ட்வீட்டர கடைசியா யோசிக்காதீங்க, முதல்லயே யோசிங்க.

சொந்தமா பாக்ஸ் கட்டுறவங்க, இல்ல பழைய பாக்ஸ்ல எரிஞ்சு போன ட்வீட்டர மாத்த நினைக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஸ்டெப் 1: எவ்வளவு தூரம் போகணும்னு அளந்துக்கோங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி திடலுக்கு போய் பாக்ஸ் வைக்கிற இடத்துல இருந்து கடைசி ஆள் நிக்கிற இடம் எத்தன மீட்டர்னு நடந்து பாருங்க. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) குறையும். 1 மீட்டர்ல இருக்கிற சத்தம் 20 மீட்டருக்கு போகும்போது 26 டிபி குறைஞ்சிருக்கும், இது பாஸ், ட்ரெபிள் ரெண்டுக்குமே பொது.

ட்ரெபிளுக்கு மட்டும் கூடுதலா இன்னொரு நஷ்டம் இருக்கு, காத்தே அத கொஞ்சம் விழுங்கிடும், அதுவும் காய்ஞ்ச காத்து ரொம்ப விழுங்கும். 30 டிகிரி வெயில், 70 சதவீதம் ஈரப்பதம், அதாவது நம்ம டர்பன் கோடை மாதிரி, அப்போ 8 கிலோஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு 6 டிபி தான் போகும். அதே சிஸ்டத்த பக்கில (பின்னாடி திறந்த சின்ன லாரி) ஏத்திட்டு உள்நாட்டுல இருக்கிற ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போய் குளிர்கால சாயந்திரத்துல, 15 டிகிரி, 20 சதவீதம் ஈரப்பதத்துல வச்சா 100 மீட்டருக்கு 20 டிபி போயிரும். இங்க பளிச்னு கேட்ட பாக்ஸ் அங்க மங்கலா கேக்குதேன்னு சிலர் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். உள்நாட்டுப் பக்கம் ப்ரோக்ராம் பண்றவங்க ட்வீட்டர்ல கொஞ்சம் கூடவே கையிருப்பு வச்சுக்கணும்.

ஸ்டெப் 2: வாட் பாக்காதீங்க, சென்சிடிவிட்டி பாருங்க

இந்த பதிவுல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா அது இதுதான்.

சென்சிடிவிட்டின்னா 1 வாட் குடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தா எத்தன டிபி வருதுங்கறது. வீட்டு ஸ்பீக்கர்ல இருக்கிற சாதாரண டோம் (சின்ன குமிழ் மாதிரி இருக்கிற) ட்வீட்டர் 90 டிபி பக்கம் வரும். ஹார்ன் (புனல் மாதிரி வாய்) வச்ச நல்ல ட்வீட்டர் 105ல இருந்து 110 வரைக்கும் வரும். பாக்க சின்ன வித்தியாசமா தெரியும், கணக்கு போட்டா தான் அதோட பலம் புரியும். பவர் ரெண்டு மடங்கானா 3 டிபி கூடும், பத்து மடங்கானா 10 டிபி கூடும், அவ்வளவுதான் ஃபார்முலா. இப்போ 107 டிபி ட்வீட்டருக்கு 20 வாட் குடுங்க, 13 டிபி கூடி 1 மீட்டர்ல 120 டிபி, 20 மீட்டர்ல 26 கழிச்சா 94 டிபி, கடைசி வரிசையில நல்லாவே கேக்கும். 90 டிபி டோமுக்கு அதே 20 வாட் குடுத்தா கடைசி வரிசையில 77 டிபி, உருமி அடிக்கிற சத்தத்துல காணாமலே போயிரும். அந்த 17 டிபி இடைவெளிய பவர வச்சு நிரப்பணும்னா 50 மடங்கு, அதாவது 1000 வாட் வேணும், எந்த டோமும் அத தாங்காது, சில நொடியில உள்ள இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) கருகிடும்.

லோட் ஷெடிங்க, அதாவது முறை வச்சு கரண்ட் நிறுத்தினத, மறந்திருக்க மாட்டீங்க, 2023ல எப்படி இருந்துச்சு. ஜெனரேட்டரோ இன்வர்ட்டரோ வச்சு ப்ரோக்ராம் ஓட்டுறவங்களுக்கு சென்சிடிவிட்டி தான் உண்மையான சேமிப்பு, கம்மி கரண்ட்ல அதே சத்தம் வருது பாருங்க.

ஸ்பெக் ஷீட் படிக்கும்போது ஒன்ன கவனிங்க. சிலர் 1 வாட்னு போடாம 2.83 வோல்ட்னு போடுவாங்க. 8 ஓம்ல அது சரியா 1 வாட், ஆனா 4 ஓம்ல அது 2 வாட். மினிபஸ் டாக்ஸிக்கு விக்கிற ட்வீட்டர் நிறைய 4 ஓம் தான், அதுல 2.83 வோல்ட்னு போட்டிருந்தா அந்த நம்பர்ல இருந்து 3 டிபி கழிச்சிட்டு தான் ஒப்பிடணும்.

ஸ்டெப் 3: வூஃபர் எது வரைக்கும் பாடும்னு முடிவு பண்ணிட்டு ட்வீட்டர் வகைய தேர்ந்தெடுங்க

15 இஞ்ச் வூஃபர் 1 கிலோஹெர்ட்ஸ தாண்டினதும் சத்தத்த டார்ச் லைட் மாதிரி நேரா மட்டும் அடிக்க ஆரம்பிச்சிரும், பக்கவாட்டுல நிக்கிறவங்களுக்கு போகாது. ஏன்னா 1 கிலோஹெர்ட்ஸோட அலை நீளம் சுமார் 34 சென்டிமீட்டர், கோன் அகலமும் கிட்டத்தட்ட அதே தான். ரெண்டு வழி பாக்ஸ்ல (வூஃபர், ட்வீட்டர் மட்டும் இருக்கிறது) 15 இஞ்ச்சோட சேர்றதுக்கு 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் இறங்கி வர்ற ட்வீட்டர் வேணும். அங்க போய் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல மட்டும் வேலை செய்ற புல்லட் (நடுவுல தோட்டா மாதிரி முனை இருக்கிற) ட்வீட்டர மாட்டினா நடுவுல பெரிய பள்ளம் விழும், அந்த பள்ளம் சரியா வார்த்தை புரியற இடத்துலயே விழும். நான் பாத்த கோயில் பாக்ஸ்ல அதிகமா இருக்கிற குறையே இதுதான், ராத்திரி முழுக்க தெருக்கூத்து நடக்கும், பாட்டோட வரி யாருக்கும் புரியாது.

பியசோ (காயிலுக்கு பதிலா படிகத் தகடு அதிர்றது): விலை ரொம்ப கம்மி, கிராஸ்ஓவரே (பாஸையும் ட்ரெபிளையும் பிரிச்சு அனுப்புற சர்க்யூட்) இல்லாம ஓடும், சத்தம் கீச்சுனு இருக்கும். போட்டே ஆகணும்னா சீரிஸ்ல 30 ஓம் பக்கம் ஒரு ரெசிஸ்டர் போடுங்க, ஏன்னா ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) பியசோ ஒரு கெப்பாசிட்டர் மாதிரி லோடு, சில ஆம்ப் அதுக்கு தடுமாறும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புல்லட், ஸ்லாட் (ஒடுங்கின பிளவு வழியா சத்தம் விடுறது): தனியா மிட்ரேஞ்ச் (நடு சத்தம் போடுற ஸ்பீக்கர்) இருக்கிற மூணு வழி சிஸ்டத்துக்கு அருமை. ஜேபிஎல் 2405 ஸ்லாட் ரொம்ப பேர் பெற்றது, 105 டிபி, பக்கவாட்டுல 140 டிகிரி விரியும், ஆனா 6, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தான் அத ஓட்டணும்.

கம்ப்ரஷன் டிரைவர் (ஒடுங்கின வாய் வழியா ஹார்னுக்குள்ள சத்தத்த அழுத்தி தள்ளுற யூனிட்) ப்ளஸ் ஹார்ன்: ரெண்டு வழி பாக்ஸுக்கு என் முடிவு எப்பவும் இதுதான். இதுலயும் காயில் சைஸ் பாருங்க. 25 மில்லிமீட்டர் காயில் இருக்கிறத 2.5, 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வச்சுக்கறது நல்லது. 44 மில்லிமீட்டர் காயில் இருக்கிறது, உதாரணத்துக்கு பி அண்ட் சி டிஇ250, 1.6 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், சென்சிடிவிட்டியும் 108 டிபி பக்கம். 12 இஞ்ச்சோ 15 இஞ்ச்சோ, இந்த வகையோட நிம்மதியா சேரும்.

ஸ்டெப் 4: பெட்டி மேல இருக்கிற வாட் நம்பர பிரிச்சு படிங்க

ஏஇஎஸ் (ஒலி இன்ஜினியர் சங்கத்தோட அளவு முறை) இல்லன்னா கன்டின்யூயஸ் (தொடர்ந்து தாங்குற பவர்)னு போட்டிருக்கிறது தான் நிஜம். ப்ரோக்ராம்னா அதுல ரெண்டு மடங்கு, பீக்னா நாலு மடங்கு. வெறும் 'மேக்ஸ் 500 வாட்'னு ஸ்டிக்கர் ஒட்டி, எந்த ஃப்ரீக்வென்சிக்கு மேலன்னு எழுதாம இருந்தா அந்த பெட்டிய கீழ வச்சிருங்க. ட்வீட்டருக்கு எவ்வளவு பவர் தாங்கும்ங்கற கணக்கே எந்த ஃப்ரீக்வென்சிக்கு கீழ கட் பண்றோம்ங்கறத பொறுத்து தான், அது இல்லாத வாட் நம்பருக்கு அர்த்தம் கிடையாது.

ஸ்டெப் 5: ஹார்னும் மரையும்

திடலுக்கு 90க்கு 40 டிகிரி (பக்கவாட்டுல 90, மேலகீழ 40 விரியும்) ஹார்ன் சரியா இருக்கும், ஒடுங்கின நீளமான ஹாலுக்கு 60க்கு 40. டிரைவர் ஹார்ன்ல சேர்றது ரெண்டு விதம்: திருகி மாட்டுறது, போல்ட் போட்டு மாட்டுறது. 1 இஞ்ச்ல திருகுற வகைக்கு 1⅜ இஞ்ச், இஞ்ச்சுக்கு 18 மரை தான் பொது அளவு. ஒன்னு திருகு, இன்னொன்னு போல்ட்னு வாங்கிட்டு வந்துட்டா அடாப்டர் தேடி அலையணும், அதனால ரெண்டையும் சேத்தே வாங்குங்க.

சத்தம் பத்தலன்னு ரெண்டு ட்வீட்டர பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. 10 கிலோஹெர்ட்ஸ்ல அலை நீளம் 3.4 சென்டிமீட்டர் தான், ரெண்டும் ஒன்ன ஒன்னு அடிச்சு, கூட்டம் நடக்க நடக்க ட்ரெபிள் வரும் போகும் வரும் போகும். வச்சே ஆகணும்னா ஒன்னு மேல ஒன்னு வைங்க.

ஸ்டெப் 6: பாதுகாப்பும் லெவலும்

ஹார்னோட கட்-ஆஃபுக்கு (அது வேலை செய்ற கீழ் எல்லை) கீழ போற சிக்னல் வந்தா டயஃப்ரம்முக்கு (அதிர்ற சவ்வு) காத்தோட பிடிமானம் இல்லாம போயிரும், இஷ்டத்துக்கு ஆடி கிழிஞ்சிரும். 5 கிலோஹெர்ட்ஸ்ல ஓட்டுற புல்லட்டுக்கு குறைஞ்சபட்சம் ஒரு கெப்பாசிட்டர் போடணும், 8 ஓம்னா 4 மைக்ரோஃபாரட். கடையில 3.9 கிடைக்கும், அதுவே போதும். பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் வகை, 250 வோல்ட் வாங்குங்க. ப்ளஸ் மைனஸ் குறி போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் வேண்டவே வேண்டாம். 1.6 கிலோஹெர்ட்ஸ்ல ஓட்டுற கம்ப்ரஷன் டிரைவருக்கு ஒத்த கெப்பாசிட்டர் பத்தாது, ஆக்டிவ் கிராஸ்ஓவர்ல (ஆம்ப்புக்கு முன்னாடி வைக்கிறது) 24 டிபி ஸ்லோப் (ஆக்டேவுக்கு 24 டிபி குறையுற வெட்டு) வைங்க, கூடவே 33 மைக்ரோஃபாரட் ஒன்ன சீரிஸ்ல போடுங்க. அது 600 ஹெர்ட்ஸ் பக்கம் தான் கட் ஆகும், சவுண்ட பெருசா மாத்தாது, ஆம்ப் ஆன் பண்ணும்போது வர்ற 'டொப்'ல இருந்தும் யாராவது கேபிள் மாத்தி சொருகினாலும் டிரைவர காப்பாத்தும்.

வூஃபர் 97 டிபி, ட்வீட்டர் 107 டிபின்னா ட்வீட்டர 10 டிபி இறக்கணும். ஒரே ஆம்ப்ல ஓட்டுறவங்க எல்-பேட் (சத்தத்த இறக்குற ரெண்டு ரெசிஸ்டர்) போடுங்க, சீரிஸ்ல 5.6 ஓம், ட்வீட்டருக்கு குறுக்க 3.9 ஓம், ரெண்டுமே 20 வாட் வயர்வௌண்ட். இப்படி இறக்கினா அவ்வளவு சென்சிடிவிட்டி வாங்கினது வீணா போச்சேன்னு நினைக்காதீங்க. ட்வீட்டருக்கு இப்போ பத்துல ஒரு பங்கு பவர் தான் போகுது, ராத்திரி முழுக்க ஓட்டினாலும் சூடாகாது, அதுதான் நமக்கு வேணும்.

ஆம்ப்ல சிவப்பு லைட் எரிய விடாதீங்க. ஜெனரேட்டர் வோல்டேஜ் இறங்கும்போது ஆம்ப் சீக்கிரம் கிளிப் ஆகும் (சிக்னலோட உச்சி வெட்டுப்படும்), கிளிப் ஆனா மேல் ஃப்ரீக்வென்சி பவர் ஏறும், அது நேரா ட்வீட்டருக்கு தான் போகும்.

ஸ்டெப் 7: கடல் காத்து, ஸ்பேர், உயரம்

டோங்காட்ல இருந்து இசிப்பிங்கோ வரைக்கும் கடல் ஓரம் தான், உப்பு காத்து டெர்மினல அரிச்சிரும், ப்ரோக்ராம் முடிஞ்சதும் துடைச்சு மூடி வைங்க. வாங்கும்போதே அந்த மாடலுக்கு மாத்து டயஃப்ரம் தனியா கிடைக்குதான்னு கேளுங்க, கிடைக்கலன்னா வேற மாடல் பாருங்க, ஈஸ்டர் திருவிழா நடுவுல மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில்ல நின்னுட்டு புது டிரைவர் எங்க தேடுவீங்க. டயஃப்ரம் எரிஞ்சிருக்கான்னு பாக்க மல்டிமீட்டர் போதும், 8 ஓம் டிரைவர் 5.5ல இருந்து 6.5 ஓம் பக்கம் காட்டணும், ஒன்னுமே காட்டலன்னா காயில் அறுந்துருச்சு.

பாக்ஸ ஸ்டாண்ட்ல ஏத்தி ஹார்ன் ஆளுங்க தலைக்கு மேல வர்ற மாதிரி வைங்க, முகத்த கடைசி வரிசைய பாத்து லேசா கீழ சாய்ச்சு விடுங்க. முன் வரிசையில பாட்டிங்களும் கைக்குழந்தைங்களும் தான் உக்காருவாங்க. 100 டிபி சத்தத்துல 15 நிமிஷத்துக்கு மேல இருக்கறது காதுக்கு கெடுதல்னு சொல்றாங்க, 1 மீட்டர்ல 120 டிபி போடுற ட்வீட்டர் முன்னாடி ஒரு குழந்தைய உக்கார வைக்கவே கூடாது, பாக்ஸ சுத்தி மூணு மீட்டருக்கு கயிறு கட்டிருங்க.