பழவேற்காட்டில் பறக்கும் பறவைகளைப் படமெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைக் கூட்டத்தைப் படகில் நெருங்கி, அவை பதறி எழும்போது படமெடுத்துவிடலாம் என்று நினைப்பதே இங்கு நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது. என் முதல் பயணத்தில் நானும் அதைச் செய்தேன். "இன்னும் கிட்டப் போகட்டுமா சார்?" என்று படகுக்காரர் கேட்டபோது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழுத்தை முன்னே நீட்டி, நீரின் மேல் சில அடிகள் ஓடி, ஓடிய வழியெல்லாம் நீர்த்தெறிப்புகளை வரிசையாக விட்டுவிட்டு அவை எழுந்தன. அன்றிரவு கணினியில் பார்த்தால் படங்கள் முழுவதும் வால்களும் பின்னால் நீண்ட கால்களும்தான். துரத்தப்பட்ட பறவை நம்மை விட்டு விலகித்தானே பறக்கும்? படம் கெட்டதை விட, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திப் பொறுமையாக வடிகட்டி உண்ணும் ஒரு பறவையின் மேய்ச்சலை என் பொருட்டுக் குலைத்தேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. கூட்டத்தில் தலைகள் ஒருசேர நிமிர்ந்து, மேய்வது நின்று, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால், அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அந்தக் கணமே படகை நிறுத்திப் பின்வாங்கச் சொல்ல வேண்டும்.

துரத்தாமலேயே பறவையின் முகத்தைப் படமெடுக்க முடியும். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், காற்றும் வெயிலும் நம் முதுகில் படும் இடத்தைத் தேடி நின்றால் அவை தாமாகவே நம் பக்கம் திரும்பி வரும். பலர் இதை எண்ணாமல் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்க் கிழக்கே லென்ஸைத் திருப்புகிறார்கள். எதிர்வெயிலில் பறவை வெறும் கருநிழலாகிவிடுகிறது. மாலையில் வெயில் நமக்குப் பின்னால் வந்துவிடும், ஆனால் கடற்காற்று எதிரே வீசுவதால் பறவைகள் நமக்கு முதுகு காட்டிக் கடலை நோக்கிப் பறக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், காலை வேளையில், கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் நின்று மேற்கே ஏரியைப் பார்த்தால் இரண்டும் ஒருங்கே வாய்க்கும். அங்கு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மீசை ஆலாக்கள் என்னும் நீர்ப்பறவைகள் பெரும் கொடை. அலகைக் கீழ்நோக்கிச் சாய்த்து நீர்ப்பரப்பைத் துழாவியபடி காற்றுக்கு எதிராக வந்து, ஓர் எல்லையில் திரும்பி, மீண்டும் அதே தடத்தில் அவை வருவதால், தவறவிட்ட படத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

வெளிச்சத்தைக் கேமராவின் தானியங்கிக் கணிப்புக்கு விட்டுவிடுவதும் படத்தைக் கெடுக்கும். வெண்ணிற வானத்தின் முன் பறவை இருண்டுபோகும். அதே பறவை கரும்பச்சைப் புதருக்கு முன்னால் தாழப் பறக்கும்போது இறகின் வரிகள் எல்லாம் வெளுத்துப்போகும். பின்னணி மாறினாலும் பறவையின் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. எனவே கரையில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கை முதலில் படமெடுத்து, அதன் முதுகில் இறகு விவரம் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அந்தப் படத்துக்கான வெளிச்ச அளவுகளை மேனுவல் முறையில் நிலைநிறுத்திவிடலாம். மேகம் மறைத்தால் மட்டும் மீண்டும் சரிபார்த்தால் போதும்.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் கூடாது. நிதானமாகச் சிறகடிக்கும் கூழைக்கடாவுக்கு 1/1250 நொடி போதும். சட்டென்று திரும்பும் ஆலாவுக்கு 1/2500 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 800 அல்லது 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் அதனால் புள்ளி விழுந்த படத்தைத் திருத்த முடியும், அசைந்து கலங்கிய கண்ணைத் திருத்த முடியாது. நகரும் பறவையின் மேல் ஃபோகஸை விடாமல் வைத்திருக்கும் தொடர் ஃபோகஸ் முறையை வைத்துக்கொண்டு, பறவை தொலைவில் இருக்கும்போதே அதைப் பின்தொடரத் தொடங்க வேண்டும். ஜூமை முழுவதும் நீட்டிவைத்துக்கொண்டு வானத்தில் பறவையைத் தேடினால், அகப்படுவதற்குள் அது கடந்துவிடும். அகப்பட்டாலும் சிறகு நுனி வெட்டுப்படும். பூநாரை சிறகை விரிக்கும்போதுதான் உள்ளிருக்கும் செம்மையும் ஓரத்துக் கருமையும் முழுதாகத் தெரியும் என்பதால், அந்த நுனி இல்லாத படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை.

திரும்பும்போது லென்ஸில் படிந்திருக்கும் உப்பையும் மணலையும் உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. கண்ணாடியில் கீறல் விழும். முதலில் காற்றூதியால் ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.