‘ஏர்போர்ட் ஒயின்’ என்று யாராவது விற்றால்

கும்பகோணம், மயிலாடுதுறை, நாகூர் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பதால், ‘ஏர்போர்ட் சரக்கு, பிரெஞ்சு ஒயின்’ என்று சொல்லி விற்றால் யாரும் சந்தேகப்படுவதே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவர அனுமதி 2 லிட்டர்தான், 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டுதான். அப்படியிருக்க ஒரே ஆள் பெட்டி பெட்டியாக வைத்திருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, பாட்டில் கைக்கு வந்துவிட்டதா? கார்க்கைப் பிடுங்கியதும் தூக்கிப் போடாமல் திருப்பிப் பாருங்கள். நல்ல பிரெஞ்சு ஒயினில் பெரும்பாலும் கார்க்கின் பக்கவாட்டில் தயாரித்தவர் பெயரும் வருடமும் அச்சாகியிருக்கும், அது லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். கார்க்கில் நீங்கள் திருகியது போக இன்னொரு திருகுத் துளை இருந்தால், யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்று கொட்டிவிடுங்கள். அமெரிக்காவில் 2013-இல் குற்றவாளி என்று தீர்ப்பான ரூடி குர்னியவான், வேறு வேறு ஒயினைக் கலந்து விலையுயர்ந்த பெயரில் அடைத்துப் பெரிய பணக்காரர்களையே ஏமாற்றியவர்.

நமக்குப் பணம் போவதைவிடப் பெரிய பயம், போலிச் சரக்கில் கலந்திருக்கக்கூடிய மெத்தனால் என்ற விஷச் சாராயம். ருசியில் பிடிபடாது. குடித்துப் பல மணி நேரம் கழித்துக் கண் மங்கினாலோ வயிறு வலித்தாலோ, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், காலி பாட்டிலைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள், போலி அடைப்பவர்கள் தேடுவது அந்த மாதிரி பாட்டிலைத்தான்.